நான்கு மூலைக்கு ஃபோம்

பூந்தமல்லி கண் மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் அந்த இயந்திரத்தை மஹ்ஜபீன் மூன்று முறை சுற்றி வந்தாள். நீளம், அகலம், உயரம் எல்லாம் டேப்பில் எடுத்து நோட்டில் குறித்துக்கொண்டாள். பின்பக்கம் ஒட்டியிருந்த தகட்டில் எடை முப்பத்தெட்டு கிலோ என்று இருந்தது. அதையும் எழுதி அடியில் கோடு போட்டாள்.

விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் எடுக்கிற இயந்திரம் அது. மஹ்ஜபீனுக்கு அது புதிதில்லை. அவளுடைய மாமனார் ஹாஜா மொய்தீனுக்குச் சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்திருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அவரை இங்கேதான் கூட்டிவருவாள். இதே இயந்திரத்தின் முன்னால் அவர் மோவாயை வைத்து உட்காருவார். திரையில் ஒரு நம்பர் வரும். விழித்திரையின் கனம் அது. கூடியிருந்தால் டாக்டர் கண்ணில் ஊசி போடச் சொல்வார். குறைந்திருந்தால், "இந்தத் தடவை வேணாம் பாய், அடுத்த தடவை பாக்கலாம்" என்பார். ஊசி இல்லை என்று தெரிந்தால் மாமனார் வாசலில் நின்று டீ வாங்கிக் கொடுப்பார்.

மருத்துவமனையை ஒரு டிரஸ்ட் நடத்தியது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட முடிவு செய்திருந்தார்கள். ஆவடி சேக்காட்டில் புதுக் கிளை தயாராக டிசம்பர் ஆகிவிடும். அதுவரை, மழைக்காலம் முழுக்க, இயந்திரம் அம்பத்தூரில் இருக்க வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் தமிழ்வாணன் என்பவர் நடத்தும் பேக்கிங் கம்பெனியில் மஹ்ஜபீன் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். எந்தப் பொருளுக்கு எந்தப் பெட்டி, உள்ளே எவ்வளவு ஃபோம், எங்கே வைப்பது என்பதை முடிவு செய்வது அவள் வேலை.

மறுநாள் பிளைவுட் பெட்டி வந்து இறங்கியது. இயந்திரத்தை அலுமினியப் பையில் போட்டு, சிலிகா ஜெல் பொட்டலங்களை வைத்து, காற்றை உறிஞ்சி ஒட்டினார்கள். பையின் ஓரத்தில் ஒரு சிறிய கண்ணாடிக் கண். அதன் வழியாக ஈரப்பத அட்டை தெரியும். நீலமாக இருந்தால் உள்ளே காய்ந்திருக்கிறது. ரோஸாக மாறினால் ஈரம் ஏறிவிட்டது. சென்னை மழைக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கப் பத்து நாள் போதும்.

அதன் பிறகு அவள் பெட்டியின் அடியில் நான்கு மூலைகளிலும் உள்ளங்கை அகலத்துக்கு நான்கு ஃபோம் துண்டுகளை வைத்தாள். பக்கங்களுக்கும் மேலுக்கும் அதே மாதிரி மூலைத் துண்டுகள்தான். நடுவில் எங்கும் காலி.

அப்போதுதான் உலகநாதன் உள்ளே வந்தார். டிரஸ்டின் நிர்வாக அதிகாரி. ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னமும் குவார்ட்டர்ஸ் பக்கத்திலேயே வீடு. சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார்.

பெட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, இவ்வளவு காலி இடம் விட்டுருக்க? உள்ள ஆடாதா?"

"ஆடாது சார். மூலைல நல்லா புடிச்சிக்கும்."

"நாலே நாலு துண்டு. ஃபோம் தீந்துபோச்சா?"

கூட நின்ற வார்டு ஆட்கள் சிரித்தார்கள்.

"இல்ல சார். ஃபோம் அமுங்குனாத்தான் அடிய அது வாங்கிக்கும். முழுசா போட்டா எடை பரவிப் போயிடும், அமுங்காது. பலகை மேல வெச்ச மாதிரி ஆயிடும். இந்த எடைக்கு நாலு துண்டுதான் கணக்கு."

"நான் டேங்க் இன்ஜின் பார்ட்டெல்லாம் லடாக்குக்கு அனுப்புனவன்மா. இடைவெளி விட்டா கதை முடிஞ்சுது. முழுசா அடை."

"சார், அது ஆயிரம் கிலோ. அதுக்கு அது சரி. இது..."

"எனக்குப் பாடம் எடுக்காதம்மா. ஓனருக்குப் போன் போடு."

போட்டாள். தமிழ்வாணன் முழுதாகக் கேட்கவில்லை. "கஸ்டமர் அடைக்கச் சொன்னா அடைச்சிட்டுப் போயேன்மா. கொஞ்சம் ஃபோம் கூடப் போச்சுன்னா இன்னா இப்போ?"

மஹ்ஜபீன் போனை வைத்தாள். இன்னொரு முறை சொல்லிப் பார்த்திருக்கலாம். அந்த வார்டு ஆட்களின் சிரிப்புக்குப் பிறகு அவளுக்கு வாய் வரவில்லை. வண்டியிலிருந்து ஃபோம் ஷீட்டை இறக்கச் சொல்லி, அடி முழுவதும், பக்கம் முழுவதும், மேல் முழுவதும் வெட்டி அடைத்தாள். உலகநாதன் கையால் அழுத்திப் பார்த்து, "இப்ப சரி" என்றார்.

பேக்கிங் தாளில் 'வாடிக்கையாளர் சொன்னபடி முழு ஃபோம்' என்று எழுத நினைத்தாள். எழுதினால் சண்டைக்கு வழி தேடுகிற மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டாள். பையில் போடும் முன்பே இயந்திரத்தின் மேல் ஒரு ஷாக் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள்; இப்போது பெட்டியின் வெளியே இன்னொன்று ஒட்டினாள். நடுவில் வெள்ளையாக ஒரு சின்னக் குழாய். பலமாக அடிபட்டால் சிவந்துவிடும். சிவந்தது திரும்ப வெளுக்காது.

மழைக்காலம் முழுக்க வாரம் ஒரு முறை அம்பத்தூர் குடோனில் அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்து, மேல் ஃபோமைத் தூக்கி அட்டையைப் பார்த்துவந்தாள். நவம்பரில் எஸ்டேட் ரோட்டில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. குடோனுக்குள் நான்கு விரற்கடை ஏறியது. பெட்டி இரும்பு ரேக்கில் இரண்டாவது தட்டில் இருந்ததால் தப்பித்தது. அட்டை நீலமாகவே இருந்தது.

டிசம்பர் மூன்றாம் வாரம், ஒரு வியாழக்கிழமை காலையில் பெட்டியை லாரியில் ஏற்றினார்கள். டிரைவர் ஜேம்ஸ். பாடியில் வீடு. எளிதில் பழுதாகும் பொருள்களுக்கென்று வைத்திருக்கும் ஏர் சஸ்பென்ஷன் வண்டியை டிரான்ஸ்போர்ட்காரர்கள் அவனிடம் கொடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் செங்கல் லோடு அடித்தவன். திருமுல்லைவாயல் தாண்டி ரோடு தோண்டிப் போட்டிருந்த இடத்தில் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினான். பின்னால் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். அவன் கண்டுகொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மஹ்ஜபீனுக்கு அவன் ஓட்டம் பிடித்திருந்தது.

சேக்காட்டில் புதுக் கட்டடத்துக்கு வாசலில் இன்னும் சாய்தளம் போடவில்லை. படியில் பலகை சாய்த்திருந்தார்கள். காலையில் தூறல் விழுந்து பலகை ஈரமாக இருந்தது. மஹ்ஜபீன் அறையைப் பார்க்க உலகநாதனுடன் முதல் மாடிக்குப் போனாள். ஏ.சி. ஓடுகிறதா, மேஜை ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது கீழே 'டொம்' என்று சத்தம் கேட்டது. உலகநாதன் ஏ.சி. ரிமோட்டுக்குப் பேட்டரி தேடிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. அவள் இறங்கி ஓடினாள்.

பெட்டி நிமிர்ந்துதான் நின்றது. ஆனால் ட்ராலி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. வெளி ஸ்டிக்கர் சிவந்திருந்தது.

"அக்கா, சத்தியமா மெதுவாத்தான் தள்ளிக்கினு வந்தோம்." ஜேம்ஸின் முகம் வெளுத்திருந்தது. "பலகை வழுக்கிச்சி. ட்ராலி சக்கரம் கீழ எறங்கிடிச்சி. பொட்டி அரை அடிதான் வுழுந்துச்சி. அரை அடிக்கு மேல இல்லக்கா."

கூட இருந்த இரண்டு லோடுமேன்களும் தலையாட்டினார்கள். மஹ்ஜபீன் படியின் உயரத்தைப் பார்த்தாள். அவன் சொன்னது சரி.

தமிழ்வாணனுக்குப் போன் செய்தாள்.

"அவர் பாத்துட்டாரா?" என்பதுதான் அவர் முதல் கேள்வி.

"இல்ல சார். மேல இருக்காரு."

"உன் பையில ஸ்டிக்கர் இருக்குமில்ல? பழசப் பிச்சிட்டு வேற ஒட்டு. ஸ்டிக்கர் நம்பர் எழுதுன தாளு நம்மகிட்டதான கீது? அவர் எங்க பாக்கப் போறாரு."

அவள் பையில் நான்கு ஸ்டிக்கர் இருந்தது. ஜேம்ஸ் அந்தப் பையையே பார்த்தான். போனில் பேசியது அவனுக்கும் கேட்டிருந்தது.

"மாத்திடேன்க்கா," என்றான் மெதுவாக. "இல்லாட்டி வண்டிய புடுங்கிடுவானுங்க. மறுபடியும் என்னைய செங்கல் லோடுக்குத்தான் அனுப்புவானுங்க."

அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. ஜிப்பைக்கூடத் திறந்தாள். ஒரு ஸ்டிக்கரை எடுத்து ஒட்ட அரை நிமிடம் போதும். ஆனால் உள்ளே இயந்திரத்தின் மேல் ஒட்டியது என்ன நிறத்தில் இருக்கிறதென்று தெரியாது. அடுத்த வாரம் யாராவது ஒரு பெரியவர் வந்து மோவாயை வைத்து உட்காருவார். திரையில் ஒரு நம்பர் வரும். அதை நம்பி ஊசி போடுவார்கள், அல்லது போடாமல் அனுப்புவார்கள்.

"உள்ள இருக்கறத நம்மால மாத்த முடியாது ஜேம்ஸு," என்றாள். "நான் போயி சொல்லிட்டு வரேன்."

உலகநாதன் இறங்கி வந்து ஸ்டிக்கரைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார். வாசலில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஜேம்ஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவர் ஜேம்ஸிடமிருந்து டெலிவரி ரசீதை வாங்கி, 'டிரைவரின் கவனக்குறைவால் பெட்டி கீழே விழுந்தது' என்று பெரிய எழுத்தில் எழுதினார். டிரஸ்டின் கண் டாக்டர் எழிலுக்கும் போன் செய்தார். டாக்டர் பக்கத்திலேயே கிளினிக்கில் இருந்தார், வருவதாகச் சொன்னார்.

பெட்டியை மேலே கொண்டுபோய் எல்லோர் முன்னிலையிலும் திறந்தார்கள். மேல் ஃபோமை எடுத்தாள். அலுமினியப் பையில் ஓட்டையில்லை, அட்டை நீலம். பையை வெட்டினாள். இயந்திரத்தின் மேல் இருந்த ஸ்டிக்கரும் சிவந்திருந்தது.

"பாத்தியா?" என்றார் உலகநாதன். "முழுசா ஃபோம் அடைச்சும் உள்ள வரைக்கும் அடி போயிருக்கு. எவ்வளவு ஒசரத்துலேர்ந்து போட்டிருப்பான்! அரை அடின்னு பொய் சொல்றான்."

மஹ்ஜபீனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அரை அடி விழுந்தால் தாங்குவதற்குத்தான் ஃபோம். ட்ராலி வழுக்கும், கை தவறும், பலகை நனைந்திருக்கும்; அதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் பெட்டி போடுகிறார்கள். பேசாமல் இருந்தால் பழி ஜேம்ஸோடு போய்விடும். ரசீதில் ஏற்கெனவே எழுதியும் ஆயிற்று.

"சார், அவன் பொய் சொல்லல," என்றாள். "முழுசா அடைச்சதாலதான் உள்ள வரைக்கும் அடி வந்திருக்கு."

"என்னது?"

"அன்னிக்கே சொன்னேன் சார். இந்த எடைக்கு ஃபோம் அமுங்கல. வெளிய வுழுந்த அடி அப்டியே உள்ள எறங்கிருக்கு."

உலகநாதனின் முகம் இறுகியது. "ஆள காப்பாத்தறதுக்கு என் தலைல போடறியா?"

அதற்குள் டாக்டர் எழில் வந்துவிட்டார். நாற்பது வயதுக்குள் இருக்கும் பெண்மணி. இரண்டு பேரும் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இத எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று மஹ்ஜபீனைக் கேட்டார்.

"போட்டுப் பாக்கலாம் மேடம்," என்றாள்.

அறை மூலையில் ஆட்களுக்கென்று வாங்கி வைத்த இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்கள் இருந்தன. இரண்டை ஒரு பிளைவுட் பலகைமேல் வைத்து வார்ப்பட்டையால் இறுக்கிக் கட்டினாள். கிட்டத்தட்ட இயந்திரத்தின் எடை. கேன்மேல் பையிலிருந்த புது ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினாள். காலிப் பெட்டிக்குள் அதே முழு ஃபோம்மேல் இறக்கி மூடினார்கள். கீழே வாசலுக்குக் கொண்டுபோய், அதே படியிலிருந்து ஜேம்ஸும் லோடுமேன்களும் அரை அடி தூக்கி விட்டார்கள். திறந்தால் சிவப்பு.

உலகநாதன் குனிந்து ஸ்டிக்கரைத் தொட்டுப் பார்த்தார்.

அவள் தரையில் உட்கார்ந்து கத்தியை எடுத்து அடி ஃபோமிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு நான்கு துண்டு வெட்டினாள். பக்கங்களுக்கும் அப்படியே. ஒரு துண்டு கோணலாக வந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டினாள். கேன்களில் இன்னொரு ஸ்டிக்கர். அதே படி, அதே அரை அடி. 'டொம்' என்ற சத்தம்கூட அதே மாதிரிதான் கேட்டது.

மூடியைத் திறந்தபோது ஸ்டிக்கர் வெள்ளையாக இருந்தது.

"இன்னொரு தடவை போடு," என்றார் உலகநாதன்.

போட்டார்கள். வெள்ளைதான். மூன்றாவது தடவை அவரே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி விட்டார். அப்போதும் மாறவில்லை. பெயின்ட்காரர்களில் ஒருவன், "சூப்பர்க்கா" என்றான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சார், உங்க மேல போடறதுக்காகச் சொல்லல," என்றாள் மஹ்ஜபீன். "நீங்க சொன்னீங்க, நான் செஞ்சேன். தப்புன்னு தெரிஞ்சே செஞ்சேன். வேலை என்னுது, கையெழுத்தும் என்னுது. அவன் ரசீதுல நீங்க எழுதுனத மட்டும் அடிச்சிடுங்க."

உலகநாதன் மாடிக்கு ஏறிப் போனார்.

மேலே டாக்டர் இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுக்கச் சொன்னார். விளக்கு எரிந்தது. திரை வந்தது. படமும் வந்தது. பளிச்சென்ற படம். பழைய கட்டடத்தில் அந்த இயந்திரத்தை இயக்கிய பெண், "நல்லாத்தான் மேடம் இருக்கு" என்றாள். ஜேம்ஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"என் கண்ண எடு," என்று டாக்டர் எழில் மோவாயை வைத்து உட்கார்ந்தார். அவருடைய விழித்திரைக் கனம் பழைய படத்தில் இருநூற்று அறுபத்திரண்டு. இப்போது அதே நம்பர் வந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

"மறுபடியும் எடு."

இருநூற்றுத் தொண்ணூற்றொன்று.

"இன்னொரு தடவை."

இருநூற்று நாற்பத்து நான்கு.

டாக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "ஒரே கண்ணு, அஞ்சு நிமிஷம், மூணு நம்பர்," என்றார். "இத வெச்சு யாருக்கும் பாக்கக் கூடாது. இன்ஜினியர் வரட்டும். திங்கக்கிழமை அப்பாயின்ட்மென்ட் எல்லாத்தையும் கேன்சல் பண்ணுங்க."

முப்பத்தைந்து பேர் அந்தத் திங்கட்கிழமைக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் அந்தப் பெண் ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தாள்.

இன்ஷூரன்ஸ் படிவத்தில் சேதத்துக்குக் காரணம் எழுத ஓர் இடம் இருந்தது. மஹ்ஜபீன் தன் கையால் எழுதினாள்: பெட்டி இறக்கும்போது அரை அடி வழுக்கியது, எடைக்குப் பொருந்தாத ஃபோம் அமைப்பால் அதிர்ச்சி உள்ளே சென்றது, பேக்கிங் செய்தது நான். உலகநாதன் அதை இரண்டு முறை படித்தார். ரசீதை எடுத்து, தான் எழுதிய வரியின் மேல் கோடு இழுத்துப் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டார். படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அவள் எழுதியதற்குக் கீழே ஏதோ எழுதினார். நகல் எடுத்துக் கொடுத்தபோதுதான் அவள் பார்த்தாள். 'முழு ஃபோம் வைக்கும்படி நிர்வாக அதிகாரியாகிய நான் வற்புறுத்தினேன்' என்று இருந்தது.

அவர் அவளுக்கு ஒரு காப்பி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும் வழியில் காலி வண்டியையும் ஜேம்ஸ் மெதுவாகவே ஓட்டினான். ஆவடி பஸ் ஸ்டாண்டு தாண்டியதும், "மாத்தியிருந்தா இன்னா ஆயிருக்கும்க்கா?" என்று கேட்டான்.

"தெரியல," என்றாள் அவள். "எங்க மாமாவுக்கு அடுத்த மாசம் பாக்கணும். அங்கதான் கூட்டினு போயிருப்பேன்."

தமிழ்வாணன் மறுநாள் அவளை அறைக்குள் கூப்பிட்டு நன்றாகவே திட்டினார். கம்பெனி பேரைக் கெடுத்துவிட்டதாகச் சொன்னார். "நீங்கதான சார் அடைக்கச் சொன்னீங்க" என்று அவளும் சொல்லிவிட்டாள். அதற்கு அவர் இன்னும் சத்தம் போட்டார். மருத்துவமனை வேலைகளை அவளிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார். இரண்டு மாதம் அவள் எடைபார்க்கும் மிஷின்களுக்கும் தையல் மிஷின் மோட்டார்களுக்கும் பெட்டி போட்டாள். வீட்டில் கணவன் அஜ்மல், "வேற எடத்துல பாக்கறதா?" என்று கேட்டான். "பாக்கலாம், கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளுக்கு அழுகை வந்தது ஒரே ஒரு நாள்தான். அது அந்த முப்பத்தைந்து பேரை நினைத்தா, தன்னை நினைத்தா என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை.

இன்ஜினியர் பெங்களூரிலிருந்து வந்து இரண்டு நாள் உட்கார்ந்து இயந்திரத்தைச் சரிசெய்தார். எதுவும் உடையவில்லை, உள்ளே ஒரு கண்ணாடி மயிரிழை நகர்ந்திருந்தது. ஜனவரி கடைசியில் சேக்காட்டுக் கிளை வேலை செய்ய ஆரம்பித்தது. ஜேம்ஸின் வண்டி அவனிடமே இருந்தது. டிரான்ஸ்போர்ட்காரர்கள் அவனிடம் ஒரு விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டதோடு சரி.

பிப்ரவரி நடுவில் தமிழ்வாணன் அவள் மேஜைக்கு வந்தார். திருவேற்காட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் இடம் மாறுகிறது, மூன்று மிஷின் இருக்கிறது என்றார்.

"அந்த டிரஸ்ட் ஆபீசர் சொல்லி நம்மகிட்ட வந்துகீறாங்க," என்றார். "உன் பேரச் சொல்லித்தான் கேட்டாங்க. போறியா?"

"எடை எவ்ளோ சார்?" என்று கேட்டுக்கொண்டே அவள் நோட்டை எடுத்தாள்.